அவர் கிருபை அச்சகத்துக் கணினி

பைபிளின் மேல் ஒரு கை. அது போதாது என்பவர்களுக்காக ஆற்றுச் சாமியின் கல்லின் மேல் இன்னொரு கை. இரண்டையும் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: கீழே வருவதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எழுபத்தெட்டு வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை. இந்தக் கானா தேசத்துக் கொனொங்கோ ஊரில் என்னைத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். விசாரிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில், கணினி ரிப்பேர் பார்க்க வந்த தார்க்வாவின் கையில் பட்டது ஈரம்.

அது ஜனவரி மாதம், வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. பாலைவனத்துப் புழுதியைச் சுமந்துகொண்டு ஹர்மத்தான் காற்று அடிக்கிற காலம். அந்தக் காற்றில் உதடு வெடிக்கும், கதவுப் பலகை பிளக்கும், துவைத்த சட்டையைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் அது அப்பளமாகிவிடும். ஜெபக் கூட்டத்தில் அழுகிறவனுக்குக் கண்ணீர் பாதிக் கன்னத்திலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட காற்றில், அவர் கிருபை அச்சகத்தின் மூலையில், மேசைக்கு அடியில் இருந்த அந்தக் கணினிப் பெட்டி வியர்த்திருந்தது. தகரத்தின் மேல் பொடிப் பொடியாக நீர். தொட்டால் ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்து வைத்தது போல ஒரு குளிர்.

தார்க்வா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"என்ன மாஸ்டர், தொட்டுப் பார்த்துக் காய்ச்சலான்னு சொல்லப் போறியா?" என்றாள் மாமே செர்வா. மாமே என்றால் எங்கள் பக்கத்தில் அம்மா. அச்சகம் அவளுடையது. கணினியை ஓட்டுவதும் அவள், படம் எடுப்பதும் அவள், பசை காய்ச்சுவதும் அவள்.

"ஈரமா இருக்கு மாமே. யாராச்சும் தண்ணி கொட்டினாங்களா?"

"குடிக்கவே பாக்கெட் தண்ணி. இதுக்கு ஊத்துவாங்களா? நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு. காலையில வந்து ஸ்விட்சை அமுக்கினா, செத்த மாதிரி கிடக்கு." சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "துவே, மாஸ்டர். உன் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. துவே."

துக்க வீட்டில் சொல்லும் சொல் அது. தார்க்வாவின் தம்பி லார்பி செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தங்கம் தோண்டும் குழியொன்று சரிந்து உள்ளே போனவன் ஐந்து நாள் கழித்துத்தான் வெளியே வந்தான். வந்ததும் பார்க்கிற நிலையில் வரவில்லை. அன்றிலிருந்து பிணவறையின் குளிர்ப் பெட்டியில் கிடந்தான். சனிக்கிழமை அடக்கம். சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள்.

லார்பி படம் எடுத்துக்கொள்ளாத பிறவி. யாராவது போனைத் தூக்கினாலே தலையைக் குனிந்துகொள்வான். சாவதற்கு மூன்று வாரம் முன்னால், ட்ரோட்ரோ வேன் ஓட்ட லைசென்ஸ் எடுக்கிறேன் என்று செர்வாவிடம் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டான். அச்சடித்த நாலு பிரதியும் அவன் சட்டைப் பையோடு குழிக்குள் போயின. இப்போது உலகத்தில் லார்பியின் முகம் இருந்த ஒரே இடம் இந்தப் பெட்டிதான். அம்மா இரண்டு மாதமாக ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்: அவன் முகத்தை ஒரு தடவை காட்டு.

தார்க்வா முழங்காலிட்டான். பெட்டிக்கு உயிர் கொடுக்கிற வேலையில் அவனுக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். தொழில் ஒழுங்கு தவறாதவன். முதலில் சுவர். டெஸ்டரைச் சொருகினான், சின்ன விளக்கு எரிந்தது, மின்சாரம் இருக்கிறது. அடுத்து வயர். தன் பையிலிருந்த நல்ல வயரை மாற்றிப் போட்டான். பின்னால் இருக்கும் குட்டி ஸ்விட்ச். முன்னால் இருக்கும் பெரிய ஸ்விட்ச். அமுக்கினான். ஒன்றும் இல்லை. காற்றாடி முனகவில்லை, விளக்கு கண் சிமிட்டவில்லை.

போன் அடித்தது. தாய்மாமன் அக்கியாவ். குடும்பத்துக்குத் தலைவர் அவர்தான்.

"போஸ்டர் எங்கடா?"

"பார்த்துக்கிட்டிருக்கேன், வோஃபா."

"நீ என்னைக்குத்தான் பார்க்காம இருந்த? விடியக்காலம் பசங்க பசை வாளியோட வந்து நிப்பாங்க. சுவத்துல எதை ஒட்டுவாங்க, உன் மூஞ்சியையா?"

"வந்துரும் வோஃபா."

"பெட்டியும் திறக்கக் கூடாது, படமும் கிடையாதுன்னா வர்ற சனம் யாரைப் பார்த்துடா அழும்? உங்கம்மா யாரைப் பார்த்து அழுவா?" போன் வைக்கப்பட்டது.

செர்வா பெருமூச்சு விட்டாள். "நேத்து ராத்திரிதான் முடிச்சேன் மாஸ்டர். அவன் தலையை எடுத்து உடம்பு மேல வச்சு, கழுத்து தெரியாம பூசி... உன் கண்ணால பார்த்திருந்தா அழுதிருப்ப."

இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் செத்தவன் உயிரோடு இருந்தபோது நல்ல துணி உடுத்திப் படம் எடுத்திருக்க மாட்டான். சாவுச் சுவரொட்டியிலோ அவன் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் செர்வாவின் கணினியில் ஒரு உடம்பு இருந்தது. பொன்னும் பச்சையுமாகக் கட்டம் போட்ட கென்டேத் துணியைத் தோளில் சுற்றி, செதுக்கு வேலை செய்த முக்காலியில் உட்கார்ந்து, வலது கையை முழங்காலில் ஊன்றிய உடம்பு. அந்தக் கையில் ஒரு கனத்த மோதிரம். ஒன்பது வருஷமாக ஊரில் செத்த ஆண்கள் அத்தனை பேரும் அந்த ஒரே உடம்பில்தான் உட்கார்ந்தார்கள். ஆறடிக் கொல்லரும், குள்ள வாத்தியாரும், எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்த தையல்காரரும் அதே தடித்த கையை அதே முழங்காலில் வைத்தார்கள். செத்ததால் உடம்பு தேறியவர்கள் எங்கள் ஊரில்தான் அதிகம். பழைய சுவரொட்டிகளைச் செர்வா சுவர் முழுக்க ஒட்டியிருந்தாள். நாற்பது தலை, ஒரு உடம்பு.

"யாரோட உடம்பு மாமே அது?" தார்க்வா திருகாணியைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"தெரியலயே. மெஷினோடயே வந்துச்சு. குமாசியில பழசா வாங்கும்போதே உள்ள இருந்துச்சு. தலை கிடையாது. அழிக்கப் பார்த்தேன், அப்புறம் உபயோகப்படும்னு விட்டுட்டேன்."

"கேட்டுக்கிட்டு யாரும் வரலையா?"

"தலை இல்லாதவன் எப்படிக் கேப்பான்?" என்று செர்வா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அறையில் வெகு நேரம் நிற்கவில்லை. "சரி, நான் போய்ப் பெரிய தாள் ஒரு கட்டு வாங்கிட்டு வந்துடறேன். கதவை வெளியில தாழ் போட்டுட்டுப் போறேன். இல்லாட்டி ஆடு வந்துரும். போன வாரம் ஒரு பாஸ்டரையே தின்னுடுச்சு, தலையிலேருந்து கால் வரைக்கும்."

பலகைக் கதவு மூடிக்கொண்டது. தாழ் விழுந்தது. அவள் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது.

வெளியே யாரோ வெந்த கிழங்கைப் போட்டு ஃபூஃபூ இடித்துக்கொண்டிருந்தார்கள். உரலில் உலக்கை விழும் கனத்த சத்தம் ஒரே தாளத்தில் சுவர் வழியாக வந்தது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடை ரேடியோவில் பந்தாட்டம். ஜன்னலுக்கு வெளியே சூரியன் பாலில் போட்ட வெள்ளைத் தட்டு போலப் புழுதிக்குள் மிதந்தது. அதன் வெளிச்சத்தில் எந்தப் பொருளுக்கும் நிழல் விழவில்லை. தார்க்வா பெட்டியின் பக்கத் தகட்டை இழுத்தான். உள்ளே ஒன்பது வருஷப் புழுதி கம்பளி போலப் படிந்திருக்கும் என்று எதிர்பார்த்தான். புழுதி இல்லை. கழுவித் துடைத்தது போலப் பளபளவென்று இருந்தது. அந்தத் திறப்பிலிருந்து ஒரு வாசனை மெதுவாக எழுந்து அவன் மூக்கில் வந்து உட்கார்ந்தது. இனிப்பும் காட்டமும் கலந்த வாசனை. அவனுக்கு அது தெரியும். போன வாரம் லார்பிக்குத் துணி கொடுக்கப் போனபோது, பிணவறை வாசலில், சட்டையில் ஏறி மூன்று துவைப்புக்கும் போகாத வாசனை.

சட்டையில் மிச்சம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் இது வேறு சட்டை.

வேலையைப் பார்த்தான். பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கைப் பிடுங்கினான். அதில் பச்சை வயரின் துளையிலும் கறுப்பு வயரின் துளையிலும் வளைத்த கம்பியைச் சொருகினான். பவர் சப்ளையின் காற்றாடி உடனே சுற்றியது. ஆக, பவர் சப்ளைக்கு உயிர் இருக்கிறது. கோளாறு அதற்கும் அப்பால். பிளக்கை மறுபடி மாட்டினான். முன்பக்க ஸ்விட்ச் கெட்டிருக்கலாம் என்று, போர்டிலிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டான். அசைவில்லை. ராம் என்கிற நினைவுப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிப்பானால் தேய்த்து மாட்டினான். காசு போலிருந்த பேட்டரியை எடுத்துப் போட்டான். அசைவில்லை. ஒவ்வொரு தடவையும் விரல்கள் மரத்துப் போயின. ஒவ்வொரு தடவையும் கையில் ஈரம்.

கடைசி வழி ஒன்று இருந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் குமாசிக்கு எடுத்துப் போய் வேறு கணினியில் மாட்டிப் பார்க்கலாம். முகம் அதற்குள்தானே இருக்கிறது. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினான். டிஸ்க்கின் திருகாணிகளைக் கழற்றினான். உருவி எடுத்து உள்ளங்கையில் வைத்தான்.

அந்தக் கணத்தில் ஊர் முழுக்க மின்சாரம் போயிற்று.

அது தினம் நடப்பதுதான். தெருப் பிள்ளைகள் "ஏஏஏய்!" என்று ஒருசேரக் கத்தினார்கள். ரேடியோ பாதி கோலில் அறுந்தது. தலைக்கு மேல் மின்விசிறி தளர்ந்து, தளர்ந்து, நின்றது. உலக்கைச் சத்தமும் நின்றது. அதற்கு மின்சாரம் எதற்கு என்று தார்க்வா யோசித்துக்கொண்டிருந்தபோது, அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது.

காற்றாடி.

மெல்லிய, நீளமான, மூச்சை உள்ளே இழுப்பது போன்ற சத்தம். பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. தார்க்வா வயரைப் பார்த்தான். அது தரையில் கிடந்தது. கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தான். அது கையில் இருந்தது. மேசை மேல் திரை வெளுத்தது.

கதவு இருந்தது. நாலு எட்டு. தாழ் வெளியே என்றாலும், தட்டினால், கத்தினால், யாராவது வந்திருப்பார்கள். கால் கதவுப் பக்கம் திரும்பியும் விட்டது. ஆனால் திரையில் எழுத்து வந்தது. தம்பியின் பெயர். வயது முப்பத்து நான்கு. பிறந்த நாள், இறந்த நாள். அதற்கு மேலே, முக்காலியில், கென்டே சுற்றிய உடம்பு.

தலை இல்லை. கழுத்து வரை இருந்தது. அதற்கு மேல் வெறும் வெள்ளை.

"லார்பி எங்கே?" என்றான் தார்க்வா. யாரிடம் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

முழங்காலில் இருந்த கை, ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி, வைத்தது.

செத்தவர்களிடம் பேசும் முறை அவனுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பிணத்துக்கு எதைக் கொடுத்தாலும் பெயர் சொல்லித்தான் கொடுப்போம்: இதோ துணி, இதோ கைக்குட்டை, இவ்வளவுதான், எடுத்துக்கொண்டு போ, திரும்பிக் கேட்காதே. 'இவ்வளவுதான்' என்பதைச் சொல்லாமல் எவனும் கொடுக்க மாட்டான். தார்க்வாவும் மாமன் பக்கத்தில் நின்று பத்துத் தடவை கேட்டிருக்கிறான். ஆனால் அம்மா ஞாபகம் வந்தது. திறக்க முடியாத பெட்டி ஞாபகம் வந்தது.

"என் தம்பியைக் குடு," என்றான். "என்ன வேணுமோ எடுத்துக்க."

சொன்னதும், சொல்லாமல் விட்டது எது என்று தெரிந்துவிட்டது.

பிரிண்டர் உறுமியது.

முதல் தாள் வந்தது. லார்பி. அவனேதான். காதோரத் தழும்பு, படம் எடுக்கிறார்களே என்று கோணிய வாய், எல்லாம். தார்க்வா தாளை நெஞ்சோடு அணைத்து அழுதான். காய்ந்த காற்றிலும் அந்தக் கண்ணீர் நிற்கவில்லை. இரண்டாவது தாள். அதே முகம். மூன்றாவது. நான்காவது.

நான்காவதில் லார்பி கொஞ்சம் இடப்பக்கம் பார்த்தான்.

தார்க்வா மூன்றாவதைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இல்லை, கண் ஏமாற்றவில்லை. ஐந்தாவதில் இன்னும் கொஞ்சம். ஆறாவதில் பக்கவாட்டு முகம். தாள்கள் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கி விழுந்தன. ஏழு. எட்டு. காதின் பின்புறம். பிடரி. யாரோ பின்னாலிருந்து கூப்பிட, திரும்பிப் பார்க்கிறவன் போல.

ஒன்பதாவதில் தலை இல்லை.

பத்தாவதில் கை முழங்காலில் இல்லை.

பதினொன்றில் முக்காலி மட்டும்.

பிரிண்டர் நின்றது. காற்றாடி நின்றது. தெருவில் சத்தமே இல்லை. ஆடுகூட இல்லை. குளிர். பாதத்திலிருந்து ஏறியது. முழங்கால் வரை. இடுப்பு வரை. தார்க்வா எழுந்திருக்க நினைத்தான். எழுந்திருக்க முடியவில்லை. முழங்காலிட்டுத்தானே இருந்தோம் என்று நினைத்தான். இல்லை. உட்கார்ந்திருந்தான். எதன் மேலோ. அடியில் மரம். மர முக்காலி எதுவும் அந்தக் கடையில் இருந்ததில்லை. விரலால் தடவினான். செதுக்கு வேலை.

தோளில் கனம். துணியின் கனம்.

குனிந்து பார்க்க முயன்றான். தலை குனியவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தினான். முழங்காலில் ஒரு கை. தடித்த கை. அவனுடையது இல்லை. மோதிரம். விரலை அசைக்க நினைத்தான். அந்தக் கை ஆள்காட்டி விரலைத் தூக்கி, வைத்தது.

கடைசித் தாள் ஒன்று தானாக நழுவி வந்து, முகம் மேலாக, அவன் காலடியில் விழுந்தது. கென்டே. முக்காலி. அதற்கு மேல் அவன் தலை, வாய் பாதி திறந்தபடி. கழுத்து தெரியாமல் பூசியிருந்தது. நல்ல வேலை. பெயர்: தார்க்வா. வயது நாற்பத்தொன்று. இறந்த நாள், இன்று. கீழே துக்கத்தில் வாடுகிறவர்கள் பட்டியல். தாய்மாமன் அக்கியாவ். தாய். தம்பி லார்பி.

வெளியே தாழ் நகர்ந்தது.

மாமே செர்வா என்று கத்த நினைத்தான். வாய் பாதி திறந்தபடியே நின்றது.

கதவு திறந்தது. வெளுத்த வெளிச்சத்தில் ஒரு உருவம். தலைமுடியில் குழி மண். கையில் பசை வாளி. காதோரத்தில் தழும்பு. உள்ளே வந்தது. தரையில் சிதறிக் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. பொறுக்கப் பொறுக்க அவை எல்லாவற்றிலும் தார்க்வாவின் முகம். கட்டாக அடுக்கி, மேசையில் தட்டிச் சீராக்கியது.

"துவே, அண்ணே," என்றது. "சுவத்துல எங்கே ஒட்டட்டும்? வெயில் படாத பக்கமா பார்த்து ஒட்டறேன்."

அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு, ஆடு வராமலிருக்கக் கதவை வெளியில் தாழ் போட்டுவிட்டுப் போயிற்று. உள்ளே, திரையின் வெளிச்சத்தில், கென்டே சுற்றிய உடம்பு முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தது. அதன் மேல் இருந்த தலையில் கண்கள் மட்டும் கதவைப் பார்த்தபடி அசைந்துகொண்டிருந்தன.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் லார்பி. கொனொங்கோவில் யாரைக் கேட்டாலும் அவன் தன் தாய்க்கு ஒரே பிள்ளை, அண்ணன் இருந்ததேயில்லை என்பார்கள்.